லோட்டே ரைனிகர்: கத்தரிக்கோலால் எடுத்த 65 நிமிடப் படம்

#1 பனையோலை

வினாடி வினாக்களில் இன்னமும் கேட்கிறார்கள்: உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் எது? விடைத்தாளில் 1937-இல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட். அதற்கு 11 வருஷம் முன்னாலேயே, 1926 மே 2 அன்று, பெர்லினில் 'இளவரசர் அகமதின் சாகசங்கள்' திரையேறிவிட்டது. 65 நிமிடம், ஐந்து அங்கம், முழுக்க நிழலுருவங்கள். இயக்கியவர் லோட்டே ரைனிகர். அன்றைக்கு அவருக்கு வயது 26.

"முதல் படம்" என்ற பட்டம் இவருக்குச் செல்லுமா? அந்த வயதில் இப்படியொரு வாய்ப்பு எங்கிருந்து வந்தது? எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம், அந்தப் பாவைகளை எப்படிச் செய்தார், எப்படி நகர்த்தினார் என்பது. கட்-அவுட் வேலை, அதாவது அட்டையில் வெட்டிய உருவங்களை நகர்த்திப் படமெடுப்பது, தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அளவோடு, கணக்கோடு எழுதுங்கள்.

#2 திரைமறைவு

பட்டம் செல்லாது. அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி 1917-லேயே 'எல் அப்போஸ்தோல்' என்ற முழுநீள அனிமேஷன் படம் எடுத்துவிட்டார். அரசியல் கேலிப் படம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் அட்டையில் வெட்டிய உருவங்களை நகர்த்தி எடுத்ததுதான். 1918-இல் இன்னொன்றும் எடுத்தார். இரண்டுமே இன்று இல்லை. ஆகவே "இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது" என்று சொன்னால் ரைனிகரின் படத்துக்குப் பொருந்தும். "முதல்" என்றால் பொருந்தாது. ஸ்னோ ஒயிட்டுக்கு இரண்டுமே பொருந்தாது.

வாழ்க்கைச் சுருக்கம்: பிறப்பு 1899 ஜூன் 2, பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க். சின்ன வயதிலேயே கத்தரிக்கோலால் நிழலுருவம் வெட்டுவதில் தேர்ச்சி. நடிகர், இயக்குநர் பால் வேகனரின் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து சினிமாப் பித்து. மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகப் பள்ளியில் சேர்ந்து, மேடையில் இருக்கும் நடிகர்களைப் பார்த்துப் பார்த்து நிழலுருவமாக வெட்டித் தள்ளினார். வேகனரின் கண்ணில் பட்டது அப்படித்தான். முதலில் அவர் படங்களுக்கு டைட்டில் அட்டை வெட்டும் வேலை. 1918-இல் வேகனர் ஹாமலின் குழல்காரன் கதையை எடுத்தபோது உயிருள்ள எலிகள் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மரத்தில் எலி செய்து, கொஞ்சம் நகர்த்தி ஒரு ஃப்ரேம் (ஒரு நிலைப்படம்), மறுபடி நகர்த்தி இன்னொன்று என்று எடுத்தார்கள். ரைனிகரின் அனிமேஷன் அங்கேதான் தொடங்கியது.

1919-இல் பெர்லினில் ஹான்ஸ் கியூர்லிஸ் நடத்திய பண்பாட்டு ஆய்வு நிறுவனத்தில் முதல் சொந்தக் குறும்படம். அங்கேதான் கார்ல் கோக்கைச் சந்தித்தார். 1921-இல் திருமணம். கடைசிவரை கோக்தான் அவருக்குக் கேமரா, விளக்கு, தயாரிப்பு, கணக்கு வழக்கு எல்லாம்.

#3 வாசற்படி

பணம் யார் போட்டது என்பதையும் சேர்க்க வேண்டும். 1923-இல் ஜெர்மனியில் மார்க் நோட்டு வெறும் காகிதமாகிக்கொண்டிருந்தது. லூயிஸ் ஹாகன் என்ற வங்கிக்காரர் பணமாக வைத்திருப்பதற்குப் பதில் இன்னும் படம் பிடிக்காத வெற்றுப் படச்சுருளாக வாங்கிக் குவித்திருந்தார். அந்த முதலீடு பலிக்கவில்லை. சுருள் கையில் இருக்கிறது, என்ன செய்வது? ரைனிகரைக் கூப்பிட்டு முழுநீளப் படம் எடுக்கிறீர்களா என்று கேட்டார். பத்து நிமிடத்தைத் தாண்டி யாருமே அனிமேஷனை உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்று தொழிலில் இருந்தவர்கள் நம்பிய காலம் அது. பாட்ஸ்டாமில் ஹாகன் வீட்டு கார் ஷெட்டுக்கு மேலே இருந்த தாழ்வான பரண்தான் ஸ்டுடியோ.

பரண் தாழ்வு என்பது சும்மா வர்ணனை இல்லை. பாவைகள் கிடப்பது அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில். கேமரா மேலேயிருந்து கீழே பார்க்கிறது. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே போதிய உயரம் வேண்டும். கூரை இடிக்கிறது என்றால் கண்ணாடியைத் தரைக்குப் பக்கத்தில் இறக்குவதைத் தவிர வழியில்லை. அதனால் மண்டியிட்டபடிதான் ரைனிகர் பாவைகளை நகர்த்தினார். 1923 முதல் 1926 வரை.

#4 கத்தரி

பாவை செய்முறைக்கு வருகிறேன். அவர் பயன்படுத்தியவை கறுப்பு அட்டை, மெல்லிய ஈயத் தகடு, மெல்லிய கம்பி. அவ்வளவுதான். ஈயம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். இரண்டு காரணம். எடை இருந்தால் கையை எடுத்த பிறகும் உறுப்பு வைத்த இடத்தில் கிடக்கும். வெறும் அட்டை மூச்சுக்காற்றுக்கே நகரும். இரண்டாவது, கண்ணாடியோடு படிந்து கிடந்தால்தான் ஓரம் கூர்மையாகத் தெரியும். அரை மில்லி மீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும் ஓரத்தில் ஒளி கசிந்து, கோடு மங்கிவிடும்.

இன்று ஈயம் வேண்டாம். நாள் முழுக்க விரலில் ஒட்டும், நஞ்சு. 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கறுப்பு அட்டை எடுத்து, தொடை, உடல், மேல்கை ஆகிய பெரிய துண்டுகளின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடோ அலுமினியத் தகடோ ஒட்டினால் போதும். விரல், பாதம் மாதிரி சின்னத் துண்டுகளுக்குத் தகடு வேண்டாம். அட்டையே இரண்டு மடங்கு.

துண்டுகளின் எண்ணிக்கை பாத்திரத்தைப் பொறுத்தது. அடிப்படை நடிகருக்குத் தலை, கழுத்து, மார்பு, இடுப்பு, மேல்கை 2, முன்கை 2, உள்ளங்கை 2, தொடை 2, கெண்டைக்கால் 2, பாதம் 2. ஆக 16. இதில் புதியவர்கள் விட்டுவிடுவது கழுத்தும் இடுப்பும். தலையை நேராக மார்போடு கோத்தால் பாவை ஆமாம் சாமி போடும், அவ்வளவுதான். கழுத்து தனித் துண்டாக இருந்தால்தான் தலை முன்னே நீளும், தயங்கும், நாணும். முகபாவம் காட்ட வழியில்லாத கலையில் நடிப்பு முழுவதும் கழுத்திலும் மணிக்கட்டிலும்தான் இருக்கிறது.

மூட்டு: இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தை வட்டமாக வெட்ட வேண்டும். ஓட்டை அந்த வட்டத்தின் நடு மையத்தில் விழ வேண்டும். ஒரு மில்லி மீட்டர் தள்ளிப்போனாலும் முழங்கை மடங்கும்போது ஒரு முனை வெளியே துருத்தும். நிழலுருவத்தில் அது ஆணி அடித்தாற்போலத் தெரியும். தையல் ஊசியால் ஓட்டை போட்டு, 26 அல்லது 28 கேஜ் செப்புக் கம்பியை நுழைத்து, இரண்டு பக்கமும் சின்னச் சுருளாகச் சுற்றி, தட்டையாக அழுத்துங்கள். சுருள் அட்டையின் ஓரத்தைத் தாண்டக் கூடாது. ரொம்ப இறுக்கினால் ஒரு கையை நகர்த்தும்போது தோள், உடல் எல்லாம் சேர்ந்து இழுபடும். தளர்ந்தால் உறுப்பு தானாகச் சாயும். கையில் பிடித்துத் தூக்கினால் கால்கள் மெல்லத் தொங்க வேண்டும், மேசையில் வைத்தால் அசையக் கூடாது, அதுதான் பதம்.

வெட்டும்போது கத்தரிக்கோல் நிலையாக இருக்கட்டும், காகிதம் சுழலட்டும். 1970-இல் ரைனிகரின் கலை பற்றி ஜான் ஐசக்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் அவர் கையைக் கவனியுங்கள். வலது கை அநேகமாக ஒரே இடத்தில் இருக்கும்.

#5 கூத்துக்கொட்டகை

அருமையான விளக்கம் கத்தரி சார். ஒரு சந்தேகம். இதெல்லாம் நம் ஊர் தோல்பாவைக்கூத்தைப் படம் பிடித்தது மாதிரிதானே? நிழல், திரை, விளக்கு...

#6 கத்தரி

பார்வைக்கு உறவு உண்டு, வேலையில் இல்லை. தோல்பாவை செங்குத்தாக நிற்கிறது. கம்போ குச்சியோ பிடித்து ஆட்டுகிறவர் அதன் எடையோடு மல்லுக்கு நிற்கிறார். எடை தொங்குவதாலேயே கை, கால் தானாக வீசும். ரைனிகரின் பாவை மேசையில் படுத்துக் கிடக்கிறது. அங்கே புவியீர்ப்பு உதவிக்கு வராது. வீசும் கையை வீசுவது போலக் காட்டுவது, கனமான பெட்டியைக் கனமாகக் காட்டுவது எல்லாமே அனிமேட்டர் கையால் கொடுக்க வேண்டியது.

இன்னொன்று, நம் தோல்பாவை ஒளி புகும் தோல். வண்ணம் தீட்டியிருப்பதால் திரையில் நிறம் தெரியும். உள்ளே கண், நகை, சேலைக் கரை எல்லாம் உண்டு. ரைனிகரின் பாவை முழுக் கறுப்பு. உள்ளே எதுவும் தெரியாது, வெளிக்கோடு ஒன்றே பேச வேண்டும். இளவரசி பாரி பானுவின் கிரீடத்திலும் ஆடையிலும் அவர் சரிகை போல ஓட்டை ஓட்டையாக வெட்டியிருப்பது அழகுக்கு மட்டுமில்லை. அந்த ஒளிப்புள்ளிகள் இல்லையென்றால் உடல் எங்கே முடிகிறது, ஆடை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது.

#7 இருபத்துநாலு

நகர்த்தும் வரிசை பற்றி நான் சேர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் இடுப்பிலிருந்து தொடங்குங்கள். இடுப்பு, பிறகு கால்கள், பிறகு மார்பு, கைகள், கடைசியாகத் தலை. கையை முதலில் சரிசெய்துவிட்டு இடுப்பை நகர்த்தினால் செய்த வேலை எல்லாம் கலைந்துவிடும்.

நடைக் கணக்கு: விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 12 நகர்வு. சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம், அதாவது 6 நகர்வு. 20 செ.மீ. உயரப் பாவைக்கு ஓர் அடியின் நீளம் ஏறத்தாழ 8 செ.மீ. ஆகவே உடல் ஒவ்வொரு நகர்விலும் 13 மி.மீ. முன்னே போக வேண்டும். ராஜநடைக்கு ஓர் அடியை 16, 20 ஃப்ரேம் வரை நீட்டலாம்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம், ஊன்றிய கால். உடல் முன்னே போகும், ஊன்றிய பாதம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அது இரண்டு மி.மீ. நழுவினாலும் பாவை பனிக்கட்டியில் நடப்பது போல இருக்கும். பாதத்துக்கு அடியில் கடுகளவு ஒட்டுக்களிமண் வைத்து அழுத்திவிட்டு மற்றதை நகர்த்துங்கள். பாவை நடுவில் நின்றே நடக்க, பின்னணி நகரும் காட்சி என்றால் கணக்கு தலைகீழ்: பின்னணி 13 மி.மீ. பின்னே போனால் ஊன்றிய பாதமும் அதே 13 மி.மீ. பின்னே போக வேண்டும். கண்ணாடி ஓரத்தில் மில்லி மீட்டர் பட்டை ஒட்டி வையுங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

தொடங்கும்போதும் நிற்கும்போதும் நகர்வைக் குறைக்க மறக்கக் கூடாது. 2, 5, 9, பிறகு 13 மி.மீ. ஒரே அளவில் நகர்த்தினால் இயந்திரம்.

#8 பனையோலை

//உடல் எங்கே முடிகிறது, ஆடை எங்கே தொடங்குகிறது//

அப்படியானால் முகம் திரும்புவது? எல்லாமே பக்கவாட்டு முகம்தானே. ஒருவர் இடமிருந்து வலம் திரும்ப வேண்டும் என்றால்?

#9 கத்தரி

மாற்றுத் துண்டுதான். இடப்பக்கம் பார்க்கும் பாவையை எடுத்துவிட்டு வலப்பக்கம் பார்க்கும் பாவையை அதே இடத்தில் வைப்பது. நடுவில் ஒடுங்கிய உருவம் ஒன்றை ஒன்றிரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால் கண் ஏமாந்துவிடும். திருப்பத்துக்கு முன் தலையை லேசாகத் தாழ்த்திவிடுங்கள். மாற்றம் அந்த அசைவுக்குள் ஒளிந்துகொள்ளும். அண்மைக் காட்சிக்குக் கேமராவை இறக்கினால் போதாது. சின்னப் பாவையைப் பெரிதாகக் காட்டினால் கத்தரி நடுங்கிய ஒவ்வோர் இடமும் திரையில் தெரியும். ரைனிகர் அதற்கென்றே பெரிய தலை, பெரிய தோள் தனியாக வெட்டினார்.

படத்தில் சூனியக்காரியும் மந்திரவாதியும் உருமாறி உருமாறிச் சண்டை போடும் காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பாருங்கள். சிங்கம், பாம்பு, தேள், சேவல், கழுகு. ஒன்று இன்னொன்றாகும் இடங்களில் இடைப்பட்ட வடிவங்களைக் கவனித்தால் மாற்றுத் துண்டு வேலையின் முழுப் பாடமும் அந்த ஒரு காட்சியில் கிடைக்கும்.

#10 மணல்கடிகாரம்

ரைனிகரை மட்டுமே சொல்லிக்கொண்டு போகிறோம். குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால்டர் ருட்மான் மாயக் காட்சிகளின் பின்னணிகளைச் செய்தார். அருவ ஓவியப் படங்களில் அவர் ஏற்கெனவே முன்னோடி. ஆஸ்கர் ஃபிஷிங்கர் என்ற இளைஞர் கண்டுபிடித்த மெழுகு அரியும் இயந்திரத்தின் உரிமையை ருட்மான் வாங்கி இந்தப் படத்தில் பயன்படுத்தினார். வண்ண வண்ண மெழுகை ஒன்றாக உருட்டிக் கட்டியாக்கி, மெல்லிய தாள் தாளாக அரிந்து, ஒவ்வோர் அரிவுக்கும் ஒரு ஃப்ரேம் எடுப்பது. உள்ளே இருக்கும் வடிவம் ஊறி வளைந்து மாறுவது தெரியும். புகையும் மாயமும் காட்ட இதைவிட நல்ல வழி அப்போது இல்லை.

கடலலை, பனி மாதிரியானவை பெர்தோல்ட் பார்டோஷ் கைவேலை. அலெக்சாண்டர் கார்டன், வால்டர் டியூர்க் இருவரும் உதவி. இசை வுல்ஃப்காங் செல்லர். மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்.

#11 திரைமறைவு

பல அடுக்குக் கண்ணாடி மேசையை டிஸ்னி கண்டுபிடித்ததாகச் சொல்வதையும் இங்கேயே முடித்துவிடலாம். டிஸ்னியின் பல்தளக் கேமரா 1937-இல் குறும்படம் ஒன்றில் முதன்முதலாக வந்தது. அது பிரம்மாண்டமான செங்குத்துக் கட்டுமானம், பல பேர் இயக்குவது. ரைனிகர், கோக் குழு 1923 முதலே கண்ணாடித் தளங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றில் பாவை, இன்னொன்றில் பின்னணி என்று எடுத்துக்கொண்டிருந்தது. அளவும் நோக்கமும் வேறு, கருத்து ஒன்று.

#12 இருபத்துநாலு

மேசை அமைப்பை இன்றைக்கு வீட்டில் செய்பவர்களுக்குச் சொல்கிறேன். மேல் கண்ணாடி 5 அல்லது 6 மி.மீ. கனம், 3 மி.மீ. கண்ணாடி கையை ஊன்றினால் வளையும், படம் முழுவதும் மூச்சுவிடுவது போல அசையும். அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இரண்டாவது கண்ணாடி. அதற்கும் கீழே பால்நிற அக்ரிலிக் தகடு, அடியில் எல்.இ.டி. பேனல். அக்ரிலிக்கைப் பேனலோடு ஒட்டி வைத்தால் விளக்குப் புள்ளிகள் தெரியும். 5, 6 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பின்னணியின் சாம்பல் நிறங்களுக்கு ரைனிகர் கையாண்ட வழியே இன்றும் மலிவு: ஒளி புகும் தாள். ஒரு தாள் வெளிர்சாம்பல், அதன்மேல் இன்னொன்று வைத்தால் அடர்சாம்பல், மூன்றாவது இன்னும் கருமை. தூரத்து மலைக்கு ஒரு தாள், நடுவில் இருக்கும் மரத்துக்கு இரண்டு, பக்கத்து வாசலுக்கு மூன்று. தாள்களுக்கு நடுவே காற்று புகுந்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். ஓரத்தில் மட்டும் பசை தொட்டு நன்றாக நீவிவிடுங்கள்.

கீழ்த்தளம் மெல்ல மங்கித் தெரிய வேண்டும் என்றால் லென்ஸ் துளையை எஃப் 4 அருகே வையுங்கள் (எண் சிறிதானால் துளை பெரிது). எஃப் 11-க்கு மேல் போனால் எல்லாமே கூர்மையாகி, இரண்டு தளம் போட்டதே வீண்.

#13 கூத்துக்கொட்டகை

படம் எடுத்து ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

#14 இருபத்துநாலு

துடிப்புக்கு நாலைந்து காரணம் உண்டு. ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வர வேண்டும்.

கேமராவில் எல்லாமே கைமுறை: ஒளியளவு, வெள்ளைச் சமன் (வொயிட் பேலன்ஸ்), ஃபோகஸ். போனில் எடுத்தால் மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் கறுப்புப் பாவை சட்டகத்துக்குள் நுழையும்போதெல்லாம் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும்.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/50 விநாடி, 1/25 விநாடி அல்லது அதைவிட மெதுவாக இருக்கட்டும். அசையாத பொருள்தானே, கால் விநாடி, அரை விநாடி தாராளமாக வைக்கலாம், துடிப்பு சராசரியாகிவிடும். மங்கலாக்கும் குமிழ் உள்ள மலிவு எல்.இ.டி. விளக்கைப் பாதியில் வைக்காதீர்கள், முழு வெளிச்சத்தில் வைத்துத் தாளைப் போட்டுக் குறையுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் துடிக்கிறது என்றால் லென்ஸ். மின்னணு லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் துளையை மூடித் திறக்கும், ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம் வரும். துளையைக் கையால் திருகும் பழைய லென்ஸ் போட்டால் தீர்ந்தது.

விளக்கைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். மின்தடை வந்து போனாலும் அதே காத்திருப்பு. அறையில் வேறு வெளிச்சம் கூடாது, சட்டை கறுப்பாக இருக்கட்டும். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்து, நீங்கள் குனியும்போதெல்லாம் படத்தில் ஒரு பேய் உலாவும்.

#15 கத்தரி

சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் இன்னொரு பிரச்சினை, ஈரக்காற்று. ஒற்றை அட்டை இரவில் ஈரம் குடித்து, பகலில் விளக்குச் சூட்டில் ஓரம் சுருளும். இரண்டு மெல்லிய அட்டைகளை, நார் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும்படி ஒட்டி, கனமான புத்தகத்தடியில் ஒரு நாள் வைத்துவிட்டு வெட்டுங்கள். நீர்ப்பசை வேண்டாம். முக்கியப் பாத்திரத்துக்கு ஒரே வார்ப்பில் இரண்டு, மூன்று படி வெட்டி வையுங்கள். மணிக்கட்டு ஓட்டைதான் முதலில் கிழியும்.

#16 வாசற்படி

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கறுப்பு வெள்ளைப் படம் என்று நினைத்துப் பார்த்தால் மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று காட்சிக்குக் காட்சி மாறுகிறது. மௌனப்பட வழக்கப்படி திரையிடும் பிரதியைச் சாயத்தில் நனைப்பார்கள். சாதாரணப் படத்தில் சாயம் முகத்தின் மேலும் ஏறி எல்லாவற்றையும் மங்கலாக்கும். இங்கே வெளிச்சம் விழும் இடம் மட்டுமே நிறம் கொள்கிறது, பாவை கறுப்பாகவே நிற்கிறது. சாயமேற்றுவதற்கென்றே பிறந்த கலை என்று சொல்லத் தோன்றுகிறது.

இதில் ஒரு சோகம் ஒளிந்திருக்கிறது. சாயம் நெகட்டிவில் இருக்காது, பிரதியில்தான் இருக்கும். ஜெர்மன் மூல நெகட்டிவ் 1945-இல் பெர்லின் சண்டையில் போய்விட்டது. அது பிழைத்திருந்தாலும் எந்தக் காட்சிக்கு எந்த நிறம் என்று அதைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் காப்பகத்திடம் சாயமேற்றிய பழைய பிரதி ஒன்று இருந்தது. 1998-99-இல் ஃபிராங்க்ஃபர்ட் திரைப்பட அருங்காட்சியகம் அதை வைத்துத்தான் மீட்டெடுத்தது. இன்று நாம் பார்ப்பது அந்த வடிவம்.

#17 மணல்கடிகாரம்

படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆப்பிரிக்க மந்திரவாதியின் உருவமைப்பு அருவருப்பான இனக் கேலி. சீனக் காட்சிகளும் அப்படித்தான். நிழலுருவக் கலையில் ஆளை அடையாளம் காட்ட மூக்கையும் உதட்டையும் மிகைப்படுத்த வேண்டியிருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அகமதுக்கும் பாரி பானுவுக்கும் அந்த மிகை நளினமாக வந்திருக்கிறதே. யாருக்கு நளினம், யாருக்குக் கோரம் என்பது கத்தரிக்கோல் எடுத்த முடிவு இல்லை.

#18 திரைமறைவு

ஒப்புக்கொள்கிறேன். ஆயிரத்தொரு இரவுகளின் கதைகளை ஐரோப்பா அன்று வாசித்த விதம் அது. பாக்தாத், சீனா, வாக் வாக் தீவு எல்லாம் ஒரே அலங்காரக் கடையிலிருந்து வந்தவை. மாணவர்களுக்குத் திரையிட்டால் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

#19 பனையோலை

1926-க்குப் பிறகு இவரைப் பற்றி அதிகம் கேள்விப்படவில்லையே. ஒரு படத்தோடு நின்றுவிட்டாரா?

#20 வாசற்படி

நிற்கவில்லை, நாற்பதுக்கும் மேல் படம் எடுத்தார். ஆனால் நாடு நாடாக ஓடிக்கொண்டே எடுத்தார்.

1928-இல் மிருகங்களோடு பேசும் மருத்துவர் டூலிட்டில் கதை. அடுத்து நடிகர்களை வைத்து 'இன்பத்தைத் தேடி' என்ற படத்தை இன்னொருவரோடு சேர்ந்து எடுத்தார். மௌனப்படமாக எடுத்து முடிக்கும் நேரத்தில் பேசும்படம் வந்துவிட்டது. 1930-இல் குரல் சேர்த்து வெளியிட்டார்கள், எடுபடவில்லை. ஆனால் பேசும்படம் அவருடைய சொந்தக் கலைக்கு நன்மைதான் செய்தது. 1933-இல் 'கார்மென்', 1935-இல் மோட்சார்ட் இசையில் 'பாப்பகேனோ'. என் கணக்கில் அகமதைவிட 'பாப்பகேனோ' மேல். இசைக்கும் அசைவுக்கும் நடுவே ஊசி நுழைய இடமில்லை.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு தம்பதியால் ஜெர்மனியில் இருக்க முடியவில்லை. இருவருக்கும் இடதுசாரி நட்புவட்டம். வேறு எந்த நாடும் நிரந்தரமாகத் தங்க விடவில்லை. விசா உள்ளவரை இங்கிலாந்து, பிறகு பிரான்ஸ், பிறகு இத்தாலி. லண்டனில் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவுக்கு 1938-இல் விளம்பரப் படம். பிரான்சில் இயக்குநர் ழான் ரெனுவாரின் 'லா மார்செய்யேஸ்' படத்துக்குள் வரும் நிழற்கூத்துக் காட்சி. கோக் ரெனுவாரோடு பல படங்களில் வேலை செய்தார். 1941-இல் ரெனுவார் இத்தாலியில் விட்டுவிட்டுப் போன 'டோஸ்கா'வை முடித்துக் கொடுத்தவரும் கோக்தான். போரின் கடைசி ஆண்டுகளில், நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ள மறுபடி பெர்லின்.

ஓடுகிறவர் ஒருவரால் எப்படித் தொடர்ந்து படம் எடுக்க முடிந்தது என்றால், ஸ்டுடியோவே ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல். கண்ணாடி எந்த ஊரிலும் கிடைக்கும். இருநூறு பேர் வேலை செய்யும் கூடத்தில் பழகிய இயக்குநர் இதே நிலையில் வேலையின்றி உட்கார்ந்திருப்பார்.

#21 திரைமறைவு

1949-இல் லண்டனில் குடியேறினார்கள். இங்கேதான் கதை ஒரு வட்டம் சுற்றி வருகிறது. பாட்ஸ்டாம் வங்கிக்காரர் ஹாகனின் மகன், அவர் பெயரும் லூயிஸ் ஹாகன், சிறுவனாக அந்தப் பரணுக்குப் போய் வேடிக்கை பார்த்தவர். யூத வம்சம். பதின்வயதிலேயே நாஜிகள் முகாமில் அடைத்தார்கள். விடுதலையாகி, பிறகு இங்கிலாந்து வந்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் கிளைடர் விமானியாக நெதர்லாந்தின் ஆர்னெம் சண்டையில் இறங்கியவர். 1953-இல் அவர் பிரிம்ரோஸ் புரொடக்ஷன்ஸ் தொடங்கியபோது ரைனிகர்தான் மையம். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தொலைக்காட்சிக்காக ஒரு டஜனுக்கு மேல் தேவதைக் கதைக் குறும்படங்கள். 'வீரத் தையல்காரன்' 1955-இல் வெனிஸில் வெள்ளி டால்பின் பரிசு வாங்கியது.

இந்தப் படங்கள் அகமது அளவுக்கு நுணுக்கமாக இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். உண்மைதான், பின்னணி எளிமை. தொலைக்காட்சிக்கு அவசரம் அவசரமாக எடுத்தவை. ஆனால் பாவையின் அசைவு மட்டும் முதிர்ந்திருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் இவற்றிலிருந்து தொடங்குவது நல்லது, கண்ணுக்குப் பிடிபடும்.

1963-இல் கோக் இறந்தார். அதன்பின் பல வருஷம் படம் எடுக்கவில்லை. 1970-இல் நிழற்கூத்து, நிழற்படம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1975-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக வண்ணத்தில் 'ஒக்காசானும் நிக்கோலெத்தும்'. 1981 ஜூன் 19, ஜெர்மனியில் டெட்டன்ஹவுசனில் மறைவு. அவருடைய பாவைகள், பின்னணிகள் பல அருகிலுள்ள டூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

#22 கூத்துக்கொட்டகை

கடைசியாக ஒன்று. ஒரு நாளைக்கு எவ்வளவு எடுத்திருப்பார்கள்?

#23 இருபத்துநாலு

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 நிமிடத்தை விநாடிக்கு 24 ஃப்ரேம் என்று பெருக்கினால் 93,600. மௌனப்பட வேகமான 18 என்று வைத்தால் 70,200. மூன்று வருஷம், வருஷத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் 900 நாள். ஒரு நாளைக்கு 78 முதல் 104 ஃப்ரேம். அதாவது திரையில் நாலு விநாடி சொச்சம். இதில் வெட்டுவது, பின்னணி ஒட்டுவது, கெட்டுப்போனதை மறுபடி எடுப்பது எல்லாம் அடக்கம்.

தனியாளாக ஒரு நிமிடப் படம் எடுப்பவர், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு நகர்வு என்ற கணக்கில், ஒரு நாளைக்கு 60 நகர்வு, அதாவது 5 விநாடி எடுத்தால் படப்பிடிப்பு மட்டும் 12 நாள். பாவை, பின்னணிக்கு அதே அளவு முன்வேலை. ஒரு காட்சியைத் தொடங்கினால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். பாவையை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்தால் அட்டை சுருண்டிருக்கும், ட்ரைபாட் தலை ஒரு மயிரிழை இறங்கியிருக்கும், பல்லி ஏதாவது குறுக்கே ஓடியிருக்கும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் பாவை வெளியே போன பிறகு, வெறும் பின்னணி இருக்கும் ஃப்ரேமில் நிறுத்துங்கள்.